பெட்டிக்குப் பின்னால் ஓர் இடம்

ஸ்வேடர் ஃபான் வெல்மர் என்னை முதன்முதலில் "பங்காளி" என்று கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில். நகர நூலகத்தின் மாடியில், பழைய கையெழுத்துகளைப் படிக்கக் கற்றுத்தரும் வகுப்பு அது. பகலில் நான் மாட்டுத்தீவன ஆலையில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து, சைக்கிளை மிதித்து, கையில் தவிட்டு வாசனை போகாமலே அங்கே போய் உட்காருவேன்.

வகுப்பிலேயே மோசமான மாணவர் ஸ்வேடர்தான். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்துக்கொண்டு மேசைக்கடியில் தேடுவார். அறுபதைத் தாண்டியவர், இதய நோயாளி, கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஊரில் எல்லோரும் அவரை யோங்கேர் என்பார்கள். பிரபு வம்சம் என்பதற்கு அவரிடம் மிச்சமிருந்தவை அந்தச் சொல்லும், பாதி அறைகள் பூட்டிக் கிடக்கும் வெல்மர் மாளிகையும்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் அவர் மாளிகை, இந்தப் பக்கம் எங்கள் பண்ணை. சின்ன வயதிலிருந்தே அவரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கையசைப்பதைத் தாண்டி நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அன்று அவருடைய குடும்பத்துப் பத்திரம் ஒன்றின் நகலை ஆசிரியை சிட்ஸ்கே எங்களிடம் கொடுத்திருந்தார். அறுநூறு வருடப் பழசு. ஸ்வேடருக்கு ஒரு வரி புரியவில்லை. என் பக்கம் தள்ளினார். நான் தட்டுத்தடுமாறிப் படித்தேன். வோல்டர் ஃபான் வெல்மர் என்ற வீரர், "என் மனைவிக்குப் பிறக்காத என் மகன் பெரெண்டுக்கு" ஓடைக்கரை மேட்டிலுள்ள வெல்மரிங்க் பண்ணையைக் கொடுக்கிறார்.

"திரும்பப் படி," என்றார் ஸ்வேடர்.

படித்தேன்.

"வெல்மரிங்க் பண்ணை. உன் பண்ணை. உன் பேரு ஹார்மன் வெல்மரிங்க்." அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "அடப்பாவி, இத்தனை வருஷமா ஓடைக்கு அந்தப் பக்கம் நின்னு கையாட்டிட்டு இருந்தியே! வாடா பங்காளி!"

வகுப்பு முழுக்கச் சிரித்தது. சிட்ஸ்கே மட்டும் சிரிக்கவில்லை. அவர் வடக்கே ஃப்ரீஸ்லாந்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது, எதையும் எளிதில் நம்பமாட்டார்.

"உட்காருங்க யோங்கேர். ஒரு வைப்பாட்டி மகனுக்கு ஒரு பண்ணை கிடைச்சுது. அவ்வளவுதான் இதுல இருக்கு. அவனுக்கும் இந்தத் தம்பிக்கும் நடுவுல எத்தனை தலைமுறை? ஒவ்வொரு தகப்பனுக்கும் ரெண்டு சாட்சி வேணும்."

"ஃப்ரீஸ்லாந்துல பிரபுக்களே சரியா முளைக்கல. அதான் இவங்களுக்குப் பொறாமை," என்றார் ஸ்வேடர் என் காதில், எல்லோருக்கும் கேட்கும்படி.

அன்று இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சேர்ந்து திரும்பினோம். மழை தூறியது. அவர் கோட்டுக் காலரை உயர்த்திவிட்டுக்கொண்டார். பிறகு, ஏதோ பால் விலையைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்:

"போன குளிர்காலத்துல எங்க அக்கா போனாங்கல்ல. பெட்டியைத் தூக்க ஆளுக்கா பஞ்சம்? தோள் மாத்தறவங்களையும் சேர்த்துப் பதினாறு பேரு வந்தீங்க. பின்னால நான் ஒருத்தன்தான் நடந்தேன். நடக்கும்போது ஒரு நினைப்பு வந்துச்சு. இவங்களுக்கு நான் இருக்கேன். எனக்கு?"

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டு வேலை எல்லாம் அண்டை வீட்டாருடையது. வீடு வீடாகப் போய்ச் செய்தி சொல்வது, உடலைக் குளிப்பாட்டுவது, பெட்டியைச் சுமப்பது எல்லாம் அவர்கள். இரத்த உறவுக்கு ஒரே ஒரு வேலை, பெட்டிக்குப் பின்னால் நடப்பது. அவர்களுக்கும் மற்றவர்களுக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி இடம் விட்டுத்தான் ஊர் வரும். அந்த இடத்தில் வேறு யாரும் கால் வைக்கமாட்டார்கள்.

"நீ பெரெண்டு வழியில வந்தவன்னு மட்டும் நிரூபிச்சுடு," என்றார். "சொத்து தர்றேன்னு சொல்லல. சொத்துன்னு இருக்கறது ஒழுகற கூரைதான். எனக்குப் பின்னால ஒரு ஆளு நடக்கணும். அவ்வளவுதான்."

நான் சரி என்றேன். அவருக்காக மட்டும் சொல்லவில்லை. எனக்கு ஆறு வயதிருக்கும்போது அப்பா கனடாவுக்குப் போனார். ஆளனுப்பிக் கூப்பிடுகிறேன் என்றவர் கூப்பிடவில்லை. சில வருடம் புத்தாண்டு அட்டை வந்தது, பிறகு அதுவும் இல்லை. அவர் எனக்கு விட்டுப்போனது இந்தப் பெயர் ஒன்றுதான். அதற்குப் பின்னால் ஒரு வரிசை மனிதர்கள் நிற்கிறார்கள் என்று தெரிந்தால், அப்பா என்பவர் அந்த வரிசையில் விழுந்துபோன ஒரு பல் என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. இது நியாயமான காரணமா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இருந்த காரணம் அதுதான்.

வேலையை ஒழுங்காகச் செய்தேன். என்னிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போனேன். சாட்சி இருக்கும் தகப்பனைக் கறுப்புப் பென்சிலால் எழுதினேன், இல்லாதவனைச் சிவப்பால். சந்தேகம் வந்தால் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் வராத பக்கமே கிடையாது. ஆனாலும் வெல்மரிங்க் என்ற பெயர் எங்கேயும் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது. ஒரு வெல்மரிங்க் சாக, அடுத்த வெல்மரிங்க் அதே பண்ணையில் உட்கார, அவன் பிள்ளைகளுக்கு அதே மாதா கோவிலில் ஞானஸ்நானம். பென்சில் தானாக நகர்வதுபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாளிகைக்குப் போகத் தொடங்கினேன். சமையலறை மட்டும்தான் சூடாக இருக்கும். அங்கேயே காப்பி, அங்கேயே கறுப்பு ரை ரொட்டியும் பாலாடைக்கட்டியும். அடுப்புக்கு மேலே குடும்பச் சின்னமான கேடயத்தைப் பலகையில் வரைந்து மாட்டியிருக்கும். நீலப் பின்னணியில் ஒற்றைக் காலில் நிற்கும் வெள்ளை நாரை.

அந்த நாரைக்கு ஒரு கதை உண்டு. பெருவெள்ளம் வந்த வருடம், ஒரு தானியக் கொட்டகையின் கதவு மிதந்து வந்ததாம். அதன்மேல் ஒரு ஆண் குழந்தை. குழந்தைக்கு வெயில் படாமல் சிறகை விரித்து நின்றதாம் ஒரு நாரை. கோட்டையில் பிள்ளையில்லாதிருந்த சீமாட்டி அந்தக் குழந்தையை எடுத்து வளர்த்தாளாம். அவன்தான் முதல் வெல்மர். பின்னால் வந்த ஒரு துறவி, அந்தக் குழந்தை ஒரு கோமகனின் தொலைந்த பிள்ளை என்று சேர்த்து எழுதிவைத்தார்.

இதை வகுப்பில் சொன்னபோது சிட்ஸ்கே, "எல்லா வம்சத்துக்கும் ஒரு பறவை வேணும்," என்றார். "அன்னத்துல வந்தவன் உண்டு, நாரையோட வந்தவன் உண்டு, கழுகு தூக்கிட்டு வந்தவன் உண்டு. கோழியோட வந்தேன்னு சொல்ல மட்டும் ஒருத்தனும் இல்ல."

"கோழியும் வந்துச்சு டீச்சர்," என்றார் ஸ்வேடர். "நாங்க தின்னுட்டோம்."

பெரெண்டுக்கும் ஒரு கேடயம் இருந்திருக்கிறது. அதே நாரை, ஆனால் குறுக்கே ஒரு பட்டை. முறை தவறிப் பிறந்தவன் என்பதற்கு அடையாளம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்வேடர் ஒரு காகிதத்தில் அதை எனக்காக வரைந்து வைத்திருந்தார். நாரை வாத்துபோல் இருந்தது.

"பட்டையைப் பார்த்து வருத்தப்படாதே பங்காளி. பட்டை இருக்கறவன்தான் நிச்சயமா அவனோட அப்பனுக்குப் பொறந்தவன். மத்தவங்க எல்லாம் அம்மா சொல்றதை நம்பிக்க வேண்டியதுதான்."

வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் மூக்கைப் பார்த்தேன். மாளிகைச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த முன்னோர் படங்களில் எல்லா வெல்மருக்கும் நடுவில் சற்று வளைந்த மூக்கு. என்னுடையதும் வளைந்திருப்பதாகத் தோன்றியது. பக்கவாட்டில் திரும்பினேன். நேராக இருந்தது. விளக்கை மாற்றிப் பார்த்தேன். அந்தக் குளிர்காலத்தில் இப்படிப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

என் அம்மா டீனாவுக்கு இதெல்லாம் மெதுவாகத்தான் தெரிந்தது. ஒரு மாலை உருளைக்கிழங்கையும் கீரையையும் சேர்த்து மசித்துக்கொண்டே கேட்டாள்:

"யோங்கேர் உன்னைப் பங்காளிங்கறாராமே. கடையில சொல்லிச் சிரிக்கறாங்க."

நான் வரிசை எழுதிய தாளை எடுத்து விரித்து, பெயர் எப்படி அறுபடாமல் வருகிறது என்று காட்டினேன். அம்மா மசிக்கும் கட்டையைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள்.

"ஏன்டா, படிச்சு என்ன பிரயோஜனம்? இந்தப் பக்கத்துல பேரு மனுஷனுக்கா, வீட்டுக்கா? அடுத்த பண்ணையில இருக்கானே கெரிட் யான், அவனை எல்லாரும் லான்சிங்குங்கறோம். அவன் அடையாள அட்டையில லான்சிங்கா இருக்கு?"

"இல்ல."

"அவன் மாமனார் வீட்டுக்கு வந்தவன். லான்சிங்க் பண்ணைக்குள்ள வந்தான், லான்சிங்க் ஆயிட்டான். இப்ப ஊரு வாயிலதான் அப்படி. அந்தக் காலத்துல பாதிரியாரே அப்படித்தான் எழுதுவாரு. எவன் அந்த அடுப்புக்கு முன்னால உட்கார்றானோ அவன் பேரு அது. என்னை எடுத்துக்கோ. உங்கப்பன் போய் எத்தனை வருஷமாச்சு? நான் இன்னும் வெல்மரிங்க் டீனாதான். எனக்கும் அந்த வைப்பாட்டி மகனுக்கும் என்னடா சம்பந்தம்?"

இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்துகொண்டே நான் பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒவ்வொரு தகப்பனுக்கும் இரண்டு சாட்சி தேடினேனே தவிர, அந்த வீட்டுக்குள் அவன் எந்தக் கதவு வழியாக வந்தான் என்று கேட்கவில்லை. கேட்க எனக்கு விருப்பமில்லை என்பதுதான் சரியாக இருக்கும்.

மறுபடியும் முதலிலிருந்து போனேன். இந்த முறை பிறப்புகளைவிடக் கல்யாணங்களைக் கவனித்தேன். முந்நூறு வருடத்துக்கும் முன்னால், எல்லை தாண்டி மின்ஸ்டர் ஆயரின் படை வந்து எங்கள் பக்கத்தை நாசமாக்கிய காலத்தில் வரிசை அறுந்திருந்தது. டெர்க் வெல்மரிங்க் காய்ச்சலில் இறக்கிறான். அவன் பிள்ளைகளும் அதே குளிர்காலத்தில் இறக்கிறார்கள். அவன் மனைவி ஆல்ட்யன் வேறு ஊரிலிருந்து வாழ வந்தவள். அவள் தனியாகப் பண்ணையில் இருக்கிறாள். படை திரும்பிப் போனபோது கூடப் போகாத ஒரு சிப்பாயைக் கல்யாணம் செய்கிறாள். அவன் பெயர் தோனிஸ். கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது அவன் வெறும் தோனிஸ். அடுத்த வருடம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது தோனிஸ் வெல்மரிங்க். நான் அந்தப் பிள்ளை வழியில் வந்தவன்.

பெரெண்டின் இரத்தம் டெர்க்கோடும் அவன் குழந்தைகளோடும் மண்ணுக்குள் போய்விட்டது. மாளிகையின் குதிரைக் கொட்டகையைக் கொளுத்திய படையில் வந்தவன்தான் என் பாட்டன்.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் போகவில்லை. சளி என்று சொன்னேன். வகுப்பில் ஸ்வேடர் எனக்காகப் பக்கத்து நாற்காலியில் தொப்பியை வைத்து இடம் பிடித்திருந்தார். அதைப் பார்த்ததும் இனியும் தள்ளிப்போட முடியாது என்று தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாளிகைச் சமையலறையில் சொன்னபோது அவர் காப்பிப் பாத்திரத்தைக் கையில் வைத்திருந்தார். கீழே வைக்கவில்லை.

"ஆல்ட்யன்?" என்றார். "அந்தப் பொண்ணு வழியில ஏதாவது?"

"வேற ஊருங்க. தேடிப் பார்த்துட்டேன்."

"டெர்க்குக்குத் தம்பி?"

"இல்ல."

"நல்லாத் தேடினியா?"

"நாலு தடவை."

அவர் எனக்குக் காப்பி ஊற்றினார். தனக்கு ஊற்ற மறந்துவிட்டார்.

"நீ சொல்லாம இருந்திருக்கலாம்."

"சொல்லலைன்னா தப்பான ஆளு உங்களுக்குப் பின்னால நடந்திருப்பான்."

"பின்னால நடக்கறவன் மூஞ்சி பெட்டிக்குள்ள இருக்கறவனுக்குத் தெரியுமா, தம்பி?"

தம்பி என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கடையில், சந்தையில், யாரையும் சொல்வதுபோல் சொன்னார். கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தேன்.

பிறகு அவரே கொஞ்சம் சிரித்தார். "அந்தக் கொட்டகைக் கதவுல மிதந்து வந்த பயலுக்கு அப்பன் யாருன்னு தெரிஞ்சிருந்தா நாரைக்கு என்ன வேலை? தெரியாத இடத்துலதான் பறவையை வரையறாங்க. நாமளும் ஒண்ணு வரைஞ்சிருக்கலாம். உனக்குக் கை வரல. நல்ல பையன் நீ." வாசல் வரை வந்து, என் கழுத்துத் துணியைச் சரியாகச் சுற்றிவிட்டார். ஓடைப் பாலத்தில் நின்று திரும்பிப் பார்த்தபோது அவர் இன்னும் வாசலில் இருந்தார். கையசைத்தார். பழையபடி.

வகுப்புக்குத் தொடர்ந்து வந்தார். பக்கத்தில்தான் உட்கார்ந்தார், கேலியும் செய்தார். ஆனால் தொப்பி அவர் மடியில் இருந்தது. எனக்கு அவரிடம் ஏதோ சொல்ல வேண்டும்போல் இருக்கும். என்னவென்று தெரியாது. நான் அல்லாத ஒருவனாகவே இருந்திருக்கலாமே என்பதை எப்படிச் சொல்வது?

மார்ச்சில் ஒரு காலை, மாளிகைக்குப் பால் கொண்டுபோன அம்மா, செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தாள்.

"யோங்கேர் போயிட்டாருடா. அடுப்புக்கிட்ட நாற்காலியிலயே. கறுப்புச் சட்டையைப் போட்டுக்கோ. நாமதான் முதல் அண்டை வீடு."

முதல் அண்டை வீடு என்பது இரத்தத்தைப் பார்ப்பதில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களுடைய கடமை அது. வீடு வீடாகப் போய்ச் செய்தி சொன்னேன். தூக்குகிறவர்களை ஏற்பாடு செய்தேன். மாளிகையிலிருந்து கல்லறைத் தோட்டம் வரை லிண்டன் மரங்கள் நிற்கும் சாலை வழியாகத் தோளில் தூக்கிப் போக வேண்டும் என்று அவர் எழுதிவைத்திருந்தார். பின்னால் நடப்பவரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

முந்தின மாலை லான்சிங்க் கெரிட் யான் எங்கள் சமையலறையில் உட்கார்ந்து இடங்களைப் பிரித்தார். மேசையில் ஜெனீவர் சாராயக் குப்பி இருந்தது.

"முன்னால வலது பக்கம் நீ. முதல் அண்டை வீடு அங்கதான் நிக்கணும்."

"பின்னால யாரு நடக்கறது?"

"யாரும் இல்ல."

"நான் நடக்கட்டுமா?"

கெரிட் யான் குவளையை மேசையில் வைத்தார். "நீ என்ன அவருக்கு?"

அந்தக் கேள்விக்கு ஒரு குளிர்காலம் முழுக்க விடை தேடியவன் நான்.

"அப்ப தூக்கு," என்றார் அவர். "தூக்க உரிமை இருக்கு. அது சின்ன விஷயம் இல்லடா."

சாலையில் மணல் ஈரமாக இருந்தது. எட்டுப் பேராகத் தூக்கினோம். பெட்டி நினைத்ததைவிட லேசு. எங்களுக்குப் பின்னால் ஊர் வந்தது. சிட்ஸ்கே வந்திருந்தார், வகுப்பில் எல்லோருமே வந்திருந்தார்கள், நகரத்திலிருந்து வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். தூக்குகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால் காலடிச் சத்தம் எவ்வளவு தள்ளி வருகிறது என்று கேட்டது. யாரும் சொல்லாமலே அவர்கள் அந்த இடத்தை விட்டுவிட்டு வந்தார்கள். இல்லாத உறவுக்காக. பெட்டிக்குப் பின்னால் அந்தத் துண்டுச் சாலை மட்டும் வெறுமையாக எங்களோடு நகர்ந்து வந்தது.

ஓடைப் பாலத்தில் தோள் மாற்றுவது வழக்கம். நாங்கள் நின்றோம். காத்திருந்த எட்டுப் பேர் பெட்டியை வாங்கிக்கொண்டார்கள். அதுவரை தூக்கி வந்தவர்கள் ஓரமாக நின்று, ஊர் கிட்ட வந்ததும் அதோடு சேர்ந்துகொள்ள வேண்டும். மற்ற ஏழு பேரும் ஓரத்துக்குப் போனார்கள்.

நானும் போகத்தான் நினைத்தேன். கால் நகரவில்லை. பெட்டி மெதுவாக முன்னே போனது. நான் சாலை நடுவில் கையைத் தொங்கவிட்டு நின்றேன். தோளில் பெட்டி அழுத்திய இடம் சூடாக இருந்தது. பின்னால் திரும்பினால் ஊர் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் பெயரின் கதை இந்நேரம் எல்லோருக்கும் தெரியும். கடையில் சிரித்தவர்கள்தான். தோனிஸைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பார்கள்.

அவர்கள் என்னைக் கடந்து வருவார்கள் என்று காத்திருந்தேன். வரவில்லை. முன்வரிசையில் இருந்த அம்மா நின்றாள். அவள் நின்றதால் அடுத்தவர்களும் நின்றார்கள். எனக்கும் அவர்களுக்கும் நடுவே பத்துப் பதினைந்து அடி ஈர மணல் இருந்தது.

ஓரத்தில் நின்ற கெரிட் யான் தொப்பியைக் கழற்றியிருந்தார். என்னைப் பார்க்காமல், ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"நடடா. அவரு தூரமாப் போறாரு."

நடந்தேன். இது பொய்யா என்று நடக்கும்போதே யோசித்தேன். கறுப்புப் பென்சிலா சிவப்பா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் காலடிகள் மறுபடி தொடங்கின. கிட்ட வரவில்லை. நான் வேகமாக எட்டு வைத்தால் பெட்டியைப் பிடித்துவிடலாம் போலிருந்தது. அப்படி யாரும் செய்வதில்லை. உறவுக்காரர்கள் நடக்கும் தூரம் எவ்வளவு என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அன்று நான் தோள் மாற்றி ஓரமாக நின்றபோது, அக்காவுக்குப் பின்னால் அவர் எவ்வளவு தள்ளி நடந்தார் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். அந்த அளவிலேயே, கல்லறைத் தோட்டத்தின் வாசல் வரை, பெட்டியைப் பார்த்துக்கொண்டே போனேன்.